கட்டாயப் பரிமாறல்

யாராவது வந்து குறை சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. திருப்பூரில் இருபத்தைந்து வருடம் பனியன் ஏற்றுமதி செய்தவன் உடம்பு அப்படித்தான் ஆகிப்போகும். வருமானக் கணக்குப் பார்க்கிற ஆடிட்டரை நான் சொல்லவில்லை. பனியன் வாங்குகிற வெளிநாட்டு பையர் சார்பாகக் கம்பெனிக்குள் புகுந்து, தீயணைப்பான் எந்த உயரத்தில் தொங்குகிறது, முதலுதவிப் பெட்டியில் பஞ்சு இருக்கிறதா, கழிப்பறைக்குப் போன பெண் தன் விருப்பத்தின் பேரில்தான் போனாளா என்றெல்லாம் விசாரிப்பாரே, அந்த ஆடிட்டரைச் சொல்கிறேன். அவர் வருகிற நாட்களில் பயந்து பயந்தே எனக்கு முடி நரைத்தது. அவர் வராத நாட்களில் நாம் செய்வது சரியா தப்பா என்பதே தெரியாமல் திண்டாடினேன்.

அதனால்தான் குடும்பமாகச் சேர்ந்து ஒரு சாப்பாட்டுக் கடை திறப்பது என்று முடிவானதும், அடுப்பு வாங்குவதற்கு முன்னால் ஆடிட்டரைத் தேடினேன்.

கடை என் மனைவி சித்ரகலாவின் யோசனை. எங்கள் கம்பெனிக்கு வந்த பையர்கள் எல்லோரும் மதியம் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார்கள். டென்மார்க்கிலிருந்து வந்த ஒருவர் அவள் செய்த அரிசிம்பருப்பு சாதத்தில் நெய் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, கைநீளம் தப்பிப்போன ஒரு லாட் பனியனை வாயைத் திறக்காமல் ஏற்றுக்கொண்டார். அதை என் நிர்வாகத் திறமை என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பிறகு ஆர்டர்கள் குறைந்தன. பல்லடம் ரோட்டில் இருந்த எங்கள் கட்டிங் செக்‌ஷனைப் பூட்ட வேண்டியதாயிற்று. பூட்டிவிட்டு வந்த அன்றைக்கே அவள் சொன்னாள்.

"ஏனுங்க, இத்தன வருசமா உங்க பனியனுக்குத் தொணையா என்ற சோறு போச்சு. இனி என்ற சோறு தனியாப் போகட்டுமுங்க."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் வாதம் செய்ய என்னிடம் ஆர்டர் எதுவும் இல்லை.

எங்கள் மகள் அனிதா கட்டிட வடிவமைப்புப் படித்தவள். பூட்டிய கட்டிங் செக்‌ஷனை அவள் ஆசை ஆசையாக மாற்றினாள். துணி விரித்து வெட்டுகிற நீண்ட மேஜைகளை இழைத்துச் சாப்பாட்டு மேஜைகளாக்கினாள். அனுப்பர்பாளையத்திலிருந்து பித்தளைப் போகணிப் பாத்திரங்களை வாங்கிக் கவிழ்த்து உள்ளே விளக்குப் போட்டாள். நின்றபடியே வேலை பார்த்து வருகிறவர்கள் காலை நீட்டிக்கொள்ளட்டும் என்று பெஞ்சுகளுக்குக் கீழே ஒரு கட்டை வைத்தாள். சமையலறைச் சுவரில் அகலமாக ஒரு ஜன்னல் திறந்தாள். அது சித்ரகலா கேட்டு வாங்கியது.

"யார் எலைல என்ன தீந்துதுன்னு எனக்குத் தெரியோணும் கண்ணு. கேட்டுப் போடறது ஓட்டலு. பாத்துப் போட்டாத்தான் ஒறம்பரைக்குப் போட்ட மாதர."

ஒறம்பரை என்றால் எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வருகிற உறவுக்காரர்கள். சித்ரகலாவுக்கு வாசல்படி ஏறிய எல்லோரும் ஒறம்பரைதான். மீட்டர் பார்க்க வருகிறவர் முதல் தப்பான வீட்டுக்கு வந்த கூரியர்க்காரர் வரை யாரும் எங்கள் வீட்டிலிருந்து வெறும் வாயோடு போனதில்லை. அவள் படித்த ஒரே ஓட்டல் மேலாண்மை அதுதான்.

ஆவணி வளர்பிறையில் திறப்பு விழாவுக்கு நாள் குறித்து, பத்திரிகையும் அடித்தாயிற்று. 'சித்ரகலா ஊட்டுச் சாப்பாடு' என்று பலகை எழுதினோம். அவளைத் தவிர வேறு சமையல்காரர் கிடையாது. அவள் சமைத்தால் கடை, சமைக்காவிட்டால் அது மறுபடியும் கட்டிங் செக்‌ஷன்.

எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தபோது நான் உள்ளே நுழைந்தேன்.

முதலில் தோசையில் கை வைத்தேன். துணியின் கனத்தைப் பார்க்க எங்கள் தொழிலில் ஒரு வட்ட வெட்டுக் கருவி உண்டு. துணியில் வைத்துத் திருகினால் உள்ளங்கை அளவு ஒரு வில்லை விழும். அதை எடை போட்டு, சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று ஜிஎஸ்எம் சொல்லுவோம். தோசையின் மேல் அதை வைத்துத் திருகினேன். நடுப்பகுதிக்கும் ஓரத்துக்கும் கனத்தில் பெரிய வேறுபாடு இருந்தது. பையராக இருந்தால் லாட்டையே திருப்பியிருப்பார் என்று சித்ரகலாவிடம் எச்சரித்தேன். அவள் அந்த வில்லையை எடுத்துச் சட்டினியில் தொட்டுத் தின்றுவிட்டு, "நல்லாத்தானுங்க இருக்குது" என்றாள். அந்தச் சட்டினியை நான் ஏற்கனவே நிறம் பார்க்கிற லைட் பாக்ஸில் வைத்திருந்தேன். பகல் வெளிச்சத்தில் ஒரு பச்சை, டியூப் லைட்டில் இன்னொரு பச்சை.

அடுத்தது ஊசி. பனியனுக்குள் உடைந்த ஊசி தங்கியிருக்கிறதா என்று பார்க்கிற டிடெக்டர் மெஷின் ஒன்று சும்மா கிடந்தது. சாப்பாட்டை அதற்குள் அனுப்பினேன். அலறியது. மறுபடி அனுப்பினேன். மறுபடியும் அலறியது. இரண்டு பானைக் குழம்பைக் கொட்டிய பிறகுதான், சாப்பாடு எவர்சில்வர் தட்டில் இருக்கிறது என்று அனிதா எடுத்துச் சொன்னாள். உடனே வாழை இலைக்கு மாறினோம். இலையைத் துணி பார்க்கிற மேஜையில் விரித்து, கிழிசலுக்கும் புள்ளிக்கும் மதிப்பெண் போட்டுக் கழித்தேன். கழித்த இலைகளைத் தின்று பக்கத்துத் தோட்டத்து எருமை பளபளப்பாகிவிட்டது.

இதெல்லாம் போதாதென்று, வேலியில் போன ஓணானைப் பிடித்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டேன். அந்த ஓணானின் பெயர் அகில பாரத விருந்தோம்பல் தர உறுதி மன்றம்.

அதன் தலைமை மதிப்பீட்டாளர் முருகவேல் முன்பு எங்கள் பனியன் கம்பெனிகளுக்கு ஆடிட்டராக வந்தவர்தான். ஆர்டர் குறைந்ததில் எங்களுக்கு வேலை போனதுபோல எங்களைக் குறை சொல்கிறவர்களுக்கும் வேலை போயிற்று. அவர் துவண்டுவிடவில்லை. ஓட்டல்களைக் குறை சொல்ல ஒரு மன்றம் தொடங்கிவிட்டார். அவருடைய அறைக்குள் நான் போனதும் பழைய பழக்கத்தில் எழுந்து நின்றேன். ஏற்கனவே நின்றுகொண்டிருந்ததால் அது வெளியே தெரியவில்லை.

"விருந்தோம்பல் ஓர் உணர்வு என்று பொதுமக்கள் நினைக்கிறார்கள் மிஸ்டர் பிரபாகர்" என்றார் முருகவேல். "உணர்வை அளக்க முடியாது. அளக்க முடியாததை மன்றம் அங்கீகரிப்பதில்லை. ஆகவே விருந்தோம்பலிலிருந்து உணர்வை நீக்கிவிட்டு, மிச்சம் இருப்பதைத் தரப்படுத்தியிருக்கிறோம்."

"மிச்சம் என்னங்க இருக்குதுங்க?" என்று கேட்டேன்.

"அதைக் கண்டுபிடிப்பதுதான் ஆடிட்" என்றார்.

அவர் கொடுத்த கையேட்டைத் திறந்தபோது பிறந்த ஊருக்குத் திரும்பிய மாதிரி இருந்தது. ஒவ்வொரு வரியும் எனக்கு மனப்பாடம். பனியன் கம்பெனிக் கையேட்டில் 'தொழிலாளர்' என்று இருந்த இடத்திலெல்லாம் 'விருந்தினர்' என்று மாற்றியிருந்தார்கள். மற்றபடி ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. பதினான்கு வயதுக்குட்பட்ட விருந்தினர் எவரும் வளாகத்தில் இருக்கக் கூடாது. விருந்தினரின் அசல் அடையாள அட்டையைப் பிடித்து வைக்கக் கூடாது. எட்டு மணி நேரத்துக்கு மேல் விருந்தினரைச் சாப்பிடவைத்தால் இரட்டிப்பாகக் கொடுக்க வேண்டும். விருந்தினர் தமக்குள் ஒரு கமிட்டியைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும்.

அனிதா அதைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்பா, கொழந்தைங்க சாப்பிட வரக்கூடாதா?"

"வயசுச் சான்றிதழ் இருந்தா வரலாம் கண்ணு."

"அம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க."

நான் சொல்லவில்லை. ஆனால் மற்றதையெல்லாம் செய்தேன். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவரை "வாங்க" என்று வாய் நிறையச் சொல்லாவிட்டால் பங்காளிச் சண்டையே மூளும். தாய்மாமனை வாங்க என்று சொல்ல மறந்ததால் நின்றுபோன சீர்கள் உண்டு. கையேடு அதற்கும் அளவு வைத்திருந்தது. "வாங்க" ஒரு முறை. இரண்டாவது முறை சொன்னால் அது வற்புறுத்தல். "இன்னுங் கொஞ்சம் போடட்டுமுங்களா" என்பது இன்னும் பெரிய குற்றம். கட்டாய உழைப்பு என்ற பழைய தலைப்பின் கீழ் அது 'கட்டாயப் பரிமாறல்' என்று வந்திருந்தது. சமையலறை ஜன்னல் வழியாக இலையைப் பார்ப்பது விருந்தினரின் அந்தரங்கத்தில் தலையிடுவதாம். நானே பலகை வாங்கி வந்து அந்த ஜன்னலை அடைத்துத் திருகாணி போட்டேன். சித்ரகலா கையில் கரண்டியோடு நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

ஆடிட் நாள் வந்தது. மன்றம் அனுப்பிய கள மதிப்பீட்டாளர் ராஜ்கமல், உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர். ஒல்லியான ஆள். கழுத்தில் அட்டை, முதுகில் பை, கையில் சொந்தத் தண்ணீர் பாட்டில். சிரிக்கலாமா வேண்டாமா என்று தெரியாத முகம்.

கடை இன்னும் திறக்காததால் விருந்தினர் வேடத்துக்குப் பழைய கம்பெனி ஆட்களை உட்கார வைத்திருந்தேன். முந்தின நாளே பயிற்சியும் கொடுத்திருந்தேன். அவர்களுக்கு அது புதிதில்லை. பையர் ஆடிட் வரும்போதெல்லாம் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று நான்தான் சொல்லிக்கொடுத்து வைத்திருந்தேன். அதுதான் வினையாயிற்று. ராஜ்கமல் நேராகப் போனது செக்கிங் செக்‌ஷனில் வேலை பார்த்த ரங்காத்தாளிடம். அட்டையைக் கண்டதும் ரங்காத்தாள் விறைப்பாக எழுந்து நின்றுவிட்டாள்.

"சாப்பாடு எப்பிடிக்கா இருக்கு?" என்று கேட்டார்.

"எட்டு மணி நேரந்தானுங்க" என்றாள் ரங்காத்தாள். "ஓவர்டைமுன்னா ரெட்டைச் சம்பளமுங்க. பாத்ரூமு போறதுக்கு ஆரும் தடுக்கறதில்லீங்க. மொதலாளி திட்டறதே இல்லீங்க."

எனக்கு வியர்த்துவிட்டது. ஆனால் ராஜ்கமல் முகம் மலர்ந்தது. கையேட்டில் அவர் பார்த்துக்கொண்டிருந்த கேள்விகளுக்கு ரங்காத்தாள் வரிசையாகப் பதில் சொல்லிவிட்டிருந்தாள். சாப்பாடு எப்படி என்ற கேள்விதான் கையேட்டில் இல்லை. அதை அவர் சும்மா பேச்சுக்குக் கேட்டிருக்கிறார்.

சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவில் தீயணைப்புப் பயிற்சி. மணி அடித்ததும் எல்லோரும் கையில் பிசைந்த சோற்றோடு வெளியே ஓடி, வேப்பமரத்தடியில் வரிசையில் நின்று எண்ணிக்கை கொடுத்துவிட்டுத் திரும்பினார்கள். அதற்குள் காக்கைகள் வந்து போயிருந்தன. பிறகு விருந்தினர் கமிட்டித் தேர்தல். ரங்காத்தாள் போட்டியின்றித் தேர்வானாள். கமிட்டியின் முதல் கோரிக்கை, ரசம் ஆறிவிட்டது என்பது. ராஜ்கமல் அதைப் பதிவு செய்து, தீர்த்துவைக்க ஒரு மாத அவகாசம் கொடுத்தார்.

இதற்குள் மதியம் நன்றாகத் தாண்டிவிட்டது. அவருடைய பாட்டில் எப்போதோ காலி. அதை மறந்து மறுபடியும் வாயில் கவிழ்த்துப் பார்த்தார். சமையலறை வாசலில் நின்ற சித்ரகலா அதைப் பார்த்துவிட்டாள். ஜன்னலைத்தான் அடைத்திருந்தேன், கண்ணை அடைக்கவில்லை. உடனே ஓர் இலையைப் போட்டு, அரிசிம்பருப்பு சாதமும் தக்காளிக் கடைசலும் வைத்து, ஒரு சொம்பில் தண்ணீரோடு வந்து நின்றாள்.

"வாங்க சாமி. வேலை கெடக்குது. மொதல்ல உக்காந்து ஒரு வாய் சாப்புடுங்க."

ராஜ்கமல் இரண்டடி பின்னால் போனார். "ஐயோ, வேணாங்க்கா. ஆடிட் பண்ற எடத்துல நாங்க ஒண்ணுஞ் சாப்பிடக் கூடாது. பச்சத் தண்ணி கூட வாங்கக் கூடாது. அது லஞ்சக் கணக்குல வந்துரும்."

"நீங்க என்ன பாக்க வந்தீங்க?"

"விருந்தோம்பல்க்கா."

"சாப்படாமயா?"

"ஆமாக்கா. ரூலு அம்புட்டுக் கறாரு. குடுத்தா ஒங்களுக்குச் சர்ட்டிபிகேட் போயிரும்."

சித்ரகலா சிரித்தாள். வேடிக்கை என்று நினைத்துவிட்டாள் பாவம். "காயிதம் போனாப் போகுது. தண்ணியாவது குடிங்க" என்று சொம்பை நீட்டினாள். அவர் கை தன்னை அறியாமல் நீண்டது.

இந்த இடத்தில் நான் பேசாமல் இருந்திருக்கலாம். இருபத்தைந்து வருடப் பழக்கம் விடவில்லை. பாய்ந்து போய் அந்தச் சொம்பைப் பிடுங்கினேன். "கூறு கெட்டவளே, காரியத்தையே கெடுத்துப்போடுவயாட்ட இருக்குது!" என்று எல்லோர் முன்னிலும் கத்திவிட்டு, தண்ணீரைக் கை கழுவுகிற தொட்டியில் கொட்டினேன். அந்தத் தண்ணீர் ஓடிய வழியை ராஜ்கமல் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பையை மாட்டிக்கொண்டு, "வர்றேன்க்கா" என்று அவளிடம் மட்டும் சொல்லிவிட்டு வெயிலில் இறங்கிப் போனார்.

சித்ரகலா உள்ளே போய் அடுப்பை அணைத்தாள். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"பசிச்ச மனுசனத் தண்ணி குடுக்காம அனுப்புன எடத்துல நான் அடுப்புப் பத்தவெக்க மாட்டேனுங்க."

அவ்வளவுதான் சொன்னாள். சத்தம் போட்டிருந்தால் நானும் சத்தம் போட்டுச் சமாளித்திருப்பேன்.

மன்றத்தின் முடிவு வந்தது. முதல் தரம். குறைகள் எதுவும் இல்லை. அதிலும் 'உபசரிப்பைத் தவிர்த்தல்' என்ற பிரிவில் முழு மதிப்பெண்ணும், நிர்வாகத்தின் உடனடி நடவடிக்கைக்குத் தனிப் பாராட்டும். சித்ரகலாவிடம் காட்டினேன். "நல்லதுங்க, அதையே ஆக்கிப் போடுங்க" என்றாள். வீட்டில் வழக்கம்போல எனக்குச் சோறு போட்டாள். இலையில் என்ன தீர்ந்தது என்று மட்டும் பார்க்கவில்லை. கேட்டால் போட்டாள். என் சொந்த வீட்டில் நான் ஓட்டலில் சாப்பிட்டேன்.

திறப்பு விழாவுக்கு வேறு சமையல்காரரை வைக்கலாமா என்று அனிதாவிடம் கேட்டேன். "அது அம்மா கடைப்பா" என்று எழுந்து போய்விட்டாள். வெளியே ஆர்டர் கொடுத்துச் சாப்பாடு தருவிக்கலாமா என்று முருகவேலுக்கு போன் செய்தேன். அனுமதி பெறாத சப்-கான்ட்ராக்ட் என்று அதற்கும் ஒரு விதி வைத்திருந்தார்.

விழா நாள் காலையில் பல்லடத்திலிருந்தும் குன்னத்தூரிலிருந்தும் ஒறம்பரை வந்து இறங்கிவிட்டார்கள். பழைய கம்பெனி ஆட்கள் குடும்பத்தோடு வந்தார்கள். குழந்தைகளும் வந்திருந்தார்கள், வயதுச் சான்றிதழ் இல்லாமல். வாசலில் ஷாமியானா. கவிழ்த்த போகணி விளக்குகள் ஜொலித்தன. எல்லாம் இருந்தது, தாளிக்கிற வாசனை மட்டும் இல்லை. எங்கள் ஆட்கள் மேடையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாலும் மூக்கு சமையலறைப் பக்கம்தான் இருந்தது. சித்ரகலா பட்டுச்சேலை கட்டிச் சமையலறையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

முருகவேல் மைக்கைப் பிடித்தார்.

"பெரியோர்களே! இன்று ஒரு பொன்னாள். எங்கள் மன்றத்தின் வரலாற்றில் விருந்தோம்பலில் ஒரு குறைகூட இல்லாத முதல் உணவகம் இது. மற்ற உணவகங்களில் ஏன் குறைகள் வருகின்றன? ஆராய்ந்தோம். விருந்தினர் வருகிறார்கள். ஒருவர் உப்புக் கேட்கிறார், ஒருவர் காரம் என்கிறார், குழந்தை அழுகிறது. எல்லாக் குறைகளுக்கும் மூலகாரணம் விருந்தினரே! இந்த உணவகத்தில் இதுவரை ஒரு விருந்தினர்கூடச் சாப்பிட்டதில்லை. இந்தத் தரத்தை நண்பர் பிரபாகர் என்றென்றும் காப்பாற்ற வேண்டும் என்று வாழ்த்துகிறேன்!"

நான்தான் முதலில் கை தட்டினேன். என்ன சொன்னார் என்பது தட்டி முடித்த பிறகுதான் உறைத்தது.

அவர் மேலும் பேசினார். மேடை ஓரத்தில், நிழல் எட்டாத இடத்தில், கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழை நெஞ்சோடு பிடித்தபடி ராஜ்கமல் நின்றிருந்தார். முகமெல்லாம் வியர்வை. உதட்டை நக்கிக்கொண்டார். முன்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்து, "ஏனுங் மாப்ள, பந்தி எப்பங்க?" என்று சத்தமாகவே கேட்டார். சமையலறைக்கு ஓடினேன்.

"சித்ரா, மானம் போகுது. எந்திரி. உன்னயக் கும்பிட்டுக் கேக்கறேன்."

அவள் எழுந்திருக்கவில்லை. "அந்தத் தம்பிக்கு மொதல்ல தண்ணி குடுங்க. அப்பறம் பாக்கலாமுங்க."

"குடுத்தா சர்ட்டிபிகேட் போயிரும்."

"தெரியுமுங்க."

அவள் பக்கத்தில் இரண்டு பெரிய பாத்திரங்களில் தட்டு மூடியிருந்தது. ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன். அரிசியும் பருப்பும் கழுவி ஊறப்போட்டிருந்தது. இன்னொன்றில் சின்ன வெங்காயமும் பூண்டும் உரித்து நிறைந்திருந்தன. இத்தனை பேரின் பசியை அவள் கைவிடவில்லை. நான் என்ன செய்வேன் என்று பார்க்கத்தான் காத்திருந்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. என் வாழ்க்கையில் எத்தனையோ ஆடிட்டில் பதில் சொல்லியிருக்கிறேன், எதிலும் இப்படிப் பிடிபட்டதில்லை.

சொம்பில் தண்ணீரை மொண்டுகொண்டு மேடையில் ஏறினேன். முருகவேலைத் தாண்டிப் போய் ராஜ்கமலிடம் நீட்டினேன்.

"குடிங்க தம்பி."

"அண்ணே, வேணாண்ணே. தலைவர் பாக்குறாரு."

முருகவேல் பேச்சை நிறுத்திவிட்டார். மைக்கை மூடாமலே சொன்னார்: "மிஸ்டர் பிரபாகர், என்ன செய்கிறீர்கள் என்று தெரிகிறதா? ராஜ்கமல், வாங்கிக்கொள். கொடுத்தவர் மேல்தான் குற்றம், நீ வெறும் ஆதாரம். குடி. பாதியில் நிறுத்தினால் மைனர் குற்றம், முழுதும் குடித்தால் மேஜர் குற்றம். எதுவென்று எழுத வேண்டும், சீக்கிரம்."

ராஜ்கமல் சான்றிதழைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சொம்பை இரண்டு கையாலும் வாங்கினார். அண்ணாந்து கடைசிச் சொட்டு வரை குடித்தார். குடித்து முடித்துவிட்டு, "மேஜர் சார்" என்றார்.

அங்கேயே, மேடையிலேயே, கொடுப்பதற்கு முன்பே எங்கள் சான்றிதழ் ரத்தானது. புகைப்படக்காரர் அதையும் எடுத்தார். கண்ணாடிச் சட்டத்தை உறையில் போட்டு முருகவேல் பையில் வைத்துக்கொண்டார். இருபத்தைந்து வருடத்தில் நான் தோற்ற முதல் ஆடிட். பின்னால் சமையலறையில் அடுப்பு பற்றுகிற 'புஸ்' சத்தமும், அனிதா ஜன்னல் பலகையின் திருகாணிகளைக் கழற்றுகிற சத்தமும் கேட்டன. சற்று நேரத்தில் வெங்காயமும் கறிவேப்பிலையும் எண்ணெயில் விழுந்த வாசனை ஷாமியானா வரை வந்தது. எங்கள் ஆட்கள் உட்கார்ந்த இடத்திலேயே நிமிர்ந்தார்கள்.

முருகவேல் மேடையை விட்டு இறங்கினார். காருக்குப் போவார் என்று நினைத்தேன். நேராக உள்ளே போய் ஜன்னலுக்கு எதிரே முதல் இடத்தில் உட்கார்ந்தார்.

"சான்று ரத்தாகிவிட்டதால் இப்போது நம்மிடையே எந்தத் தொடர்பும் இல்லை" என்று விளக்கினார். "நாங்கள் சாதாரணப் பொதுமக்கள். பொதுமக்கள் சாப்பிடுவதற்கு விதியில் தடை இல்லை. இலை போடச் சொல்லுங்கள். ராஜ்கமல், நீயும் உட்கார்."

பந்தி போட்டோம். சித்ரகலா ஜன்னல் வழியாகப் பார்த்துப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "அனிதா, அந்தத் தம்பிக்கு நெய் எச்சா ஊத்து கண்ணு. ரங்காத்தாக்கா, அந்தக் கொழந்தைக்குக் காரம் இல்லாமப் போடுங்." முருகவேலுக்கு முதல் தடவை வைத்தது மூச்சு விடுவதற்குள் தீர்ந்தது. அவர் கேட்கவில்லை. கேட்கிற வழக்கம் அவருக்கில்லை. சித்ரகலா பார்த்துவிட்டாள்.

"இன்னுங் கொஞ்சம் போடட்டுமுங்களா?"

கட்டாயப் பரிமாறல். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். முருகவேல் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு இலையைச் சற்று முன்னால் தள்ளி வைத்தார். மூன்று தடவை தள்ளினார். கண் கலங்கியிருந்தது. மிளகாய் என்றார்.

ராஜ்கமல் இலையை மடித்துவிட்டு, "எங்காத்தா ஞாபகம் வந்துருச்சுக்கா" என்று சித்ரகலாவிடம் சொன்னார். அதற்கு அவள், "மோர் குடிக்காம எந்திரிக்கப்படாது" என்றாள்.

முருகவேல் கையைக் கழுவிவிட்டு வந்து என் தோளில் கை போட்டார்.

"மிஸ்டர் பிரபாகர், உண்மையைச் சொல்கிறேன். இப்படி ஓர் உபசரிப்பை நான் கண்டதில்லை. இவ்வளவு நல்ல விருந்தோம்பலுக்கு ஒரு சான்று இல்லாமல் இருக்கலாமா? இன்றைக்கே புதிதாக விண்ணப்பியுங்கள். பழைய குறை மறைந்துவிடும். ஒரு கையெழுத்துப் போதும்."

சொல்லவே கூச்சமாக இருக்கிறது. என் வலது கை தானாகச் சட்டைப்பையில் பேனாவைத் தேடிக்கொண்டு போனது.

அந்தக் கையில் சித்ரகலா ரச வாளியைத் திணித்தாள்.

"கடேசி வரிசைல கேக்கறாங்க. ஆறிப்போறதுக்குள்ள ஊத்துங்க."

போய் ஊற்றினேன்.